வீட்டுக்காகப் பேர் கொடுத்த தனம்

செய்தி வந்த நேரத்தில் நான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் எனக்குத் தொலைபேசி என்றார்கள். மறுமுனையில் மேரி. "சரசு, மொதல்ல உக்காரு," என்றாள். "வகுப்பு காத்திருக்கு, சட்டுனு சொல்லு லா," என்றேன். "தனம் போயிட்டா சரசு. காலையில. டிங்கி காய்ச்சல்." நான் போனை வைத்துவிட்டு வகுப்புக்குத் திரும்பி, கடைசி வரி வரைக்கும் வாய்ப்பாட்டைக் கேட்டு முடித்தேன்.  முடித்த பிறகுதான் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

ரவாங்கிலிருந்து ஈஜோக் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு அவளைக் கிடத்தியிருந்தார்கள். என் சிநேகிதி, பிறகு என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டதால் என் அண்ணி. வயது இருபத்தாறு. இரண்டு வயது மகள் பந்தல் காலைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இனிமே பேரு யாரு போடுறது, சரசு?" எனக்கு வந்த கோபத்தில் அழுகையே நின்றுவிட்டது. ஆனால் அம்மாவைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பார்வை மங்கிய கிழவி. அந்தப் பந்தலில் நின்ற எல்லார் மனத்திலும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். லயத்து வரிசை வீடு தோட்டத்து நிர்வாகத்துக்குச் சொந்தம். அதில் குடியிருக்க வேண்டுமென்றால், அந்த வீட்டு ஆள் ஒருவராவது தோட்டத்து வேலையில் பேர் பதிந்திருக்க வேண்டும். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வரிசையாகப் பேர் கூப்பிடும்போது, அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குரல் நின்றுபோனால் மூன்று மாதத் தவணை. அதற்குப் பிறகு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். கடந்த ஐந்து வருடமாக எங்கள் வீட்டுக்காக அந்தக் குரல் கொடுத்தது தனம்.

கோயில் கமிட்டித் தலைவர் என்னிடம் வந்தார். பதினாறாம் நாளுக்கு ஒரு அஞ்சலித் தாள் அச்சடிக்கப் போகிறார்களாம். "டீச்சர், நீங்கதான் எழுதித் தரணும். பெருசா ஒன்னும் வேணாம், நாலு வரி. எப்பவும் சிரிச்ச முகம், குடும்பத்துக்காக உருகுன மெழுகுவத்தி, அந்த மாதிரி." மெழுகுவத்தியாம்! தனம் காதில் இது விழுந்திருந்தால் தலைவருக்கு அங்கேயே நல்ல பூசை நடந்திருக்கும். அவர் கேட்டது நாலு வரி. என்னால் முடிந்தது இதுதான். அச்சடிப்பதும் அச்சடிக்காததும் அவர் இஷ்டம்.

தனம், நான், மேரி மூவரும் ஒரே தோட்டம். மேரியின் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர். தனம் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அவள் அப்பாவோடு பால்மரம் வெட்டப் போனவள். நானும் மேரியும் ஐந்தாம் படிவம் வரை போனோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேரி கோல சிலாங்கூரில் மாதா கோயில் பூசைக்குப் போவாள். துணைக்கு என்று நாங்கள் இருவரும் ஒட்டிக்கொள்வோம். "என்னாடி, வேதத்துல சேரப் போறீங்களா ரெண்டு பேரும்?" என்று அம்மா கேட்பாள். "முருகன்கிட்ட சொல்லிட்டுத்தான் போறோம் அத்த. கோழி சாப்புட்டு வான்னு அவரே அனுப்பி வச்சாரு," என்பாள் தனம். உண்மையும் அதுதான். பூசை முடிந்ததும் நாங்கள் போனது குக்கு அங்கிள் கடைக்கு.

அந்தக் கடையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால். அங்கிள் ஹைனான் சீனர். ஏதோ ஒரு தோட்டத்துப் பங்களாவில் துரைக்குச் சமைத்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழில் கெட்ட வார்த்தை பேசுவார். துரைமார் ஊருக்குக் கப்பலேறி அவர்களுடைய கிளப்பையும் மூடியபோது, அங்கிருந்த வட்ட மேசை, பிரம்பு நாற்காலி, சுவர்க்கடிகாரம், குதிரைப் படம், நீலக்கரை போட்ட கனத்த தட்டு எல்லாவற்றையும் வாங்கிவந்து, அங்கே இருந்த மாதிரியே அடுக்கிக் கடை போட்டுவிட்டார். பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டையோடுதான் பரிமாறுவார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் எவ்வளவோ காலமாகியும் அந்தக் கடைக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கும்.

முதல் தடவை போனபோது தனம் நாற்காலியின் கைப்பிடியைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எங்க தாத்தா இந்த மாதிரி நாக்காலிக்கு முன்னாடி தலத்துண்ட அவுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பாராம். இப்ப நான் இதுல உக்காந்து கோழி திங்கப் போறேன்," என்று காலை ஆட்டினாள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சிக்கன் சோப் வரும். தூள் தடவி மொறுமொறுவென்று பொரித்த கோழி, அதன் மேல் வெங்காயமும் பச்சைப் பட்டாணியும் மிதக்கும் குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு. குழம்பைத் துடைத்துத் தின்ன, நெருப்பில் வாட்டிய ரொட்டி பாக்கார் மட்டும் தலைக்கு இரண்டு. அங்கிள் கத்தியும் முள்கரண்டியும் வைத்தார். "அங்கிள், ஆறு நாளா மரத்த கத்தியால வெட்டுறேன். ஞாயித்துக்கெழம கோழியையுமா வெட்டணும்?" என்று தனம் கையால் பிய்த்துத் தின்றாள். "ஐயோ தங்காச்சி!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த மாதம் போனபோது இரண்டு பேருக்கு முள்கரண்டி வைத்தார். தனத்தின் முன்னால் கை கழுவ ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் அப்பா எண்பத்து மூன்றில் இறந்தார். நெஞ்சுவலி என்று மரத்தடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குப் பேர் போட ஆள் இல்லை. அண்ணன் மணியத்துக்குக் கிள்ளானில் லோரி ஓட்டும் வேலை. "செத்தாலும் நான் காட்டுல எறங்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டான். பரீட்சையில் தேறி வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டிருந்த நான்தான் கத்தியை எடுத்தேன். கை முழுக்கக் கொப்புளம். அந்த மாதம் கடைக்குப் போனபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனைத் திட்டினேன், தோட்டத்தைத் திட்டினேன், செத்துப்போன அப்பாவையும் விட்டுவைக்கவில்லை. தனம் தட்டை என் பக்கம் தள்ளினாள். "சாப்புட்டுட்டு கோவப்படு. வெறும் வயித்துல கோவப்பட்டா அழுகதான் வரும்." இது அவள் அடிக்கடி சொல்வது. அவளைத் தெரிந்த உங்களில் பாதிப் பேராவது இதைக் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்தது. மூன்று வருடம், தங்கிப் படிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். நான் போனால் வீடு போய்விடும், அம்மாவுக்குப் போக்கிடம் இல்லை. அதே சமயத்தில் தனத்துக்கும் ஒரு வழி திறந்திருந்தது. ஷா ஆலமில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் வேலை, தங்கும் விடுதியும் உண்டு. அவள் வீட்டில் அப்பாவும் அக்காவும் பேர் பதிந்திருந்ததால் அவளைப் பிடித்துவைக்க யாரும் இல்லை. ஃபேக்டரிக்கென்று கறுப்புச் சப்பாத்து வாங்கி, சாயங்காலம் லயத்துக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். "டக்கு டக்குனு சத்தம் வருதா, ஆபீஸ்காரி மாதிரி?" என்று கேட்பாள்.

தவித்துப்போய்த் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் ஓடினேன். வேறு வீட்டு ஆள் யாராவது எங்கள் வீட்டுக்குப் பேர் போடலாமா என்று கேட்டேன். "வீட்டு ஆளுங்கதான் போடலாம். தோட்டச் சட்டம் தெரியாதா ஒனக்கு?" என்று விரட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து இதைச் சொன்னேன். தனம் தட்டில் மிச்சமிருந்த குழம்பை ரொட்டியால் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அப்ப நான் வீட்டு ஆளாயிட்டா போச்சு. ஒங்கண்ணன கட்டிக்கிறேன்."

மேரிக்குக் கோப்பி புரையேறிவிட்டது. "பைத்தியமா லா ஒனக்கு? அவரு தண்ணி போடுவாருல்ல?"

"வாரத்துக்கு ஒரு நாள்தான வீட்டுக்கு வராரு."

"ஃபேக்டரி?"

"ஃபேக்டரி எங்க ஓடிப்போவுது? மூணு வருசம். சரசு படிச்சு டீச்சராயி, வீடு பாத்து அத்தய கூட்டிட்டுப் போயிறட்டும். அன்னிக்கே நான் பேர வெட்டிட்டு பஸ் ஏறிருவேன். ஒங்கண்ணன் வேணும்னா பின்னாடி வரட்டும்," என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம் தனம்" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? என் வாயில் ரொட்டி இருந்தது. மென்று விழுங்கினேன். விழுங்கிய பிறகும் சொல்லவில்லை. "அண்ணன் ஒத்துக்குமா?" என்றுதான் கேட்டேன்.

அண்ணன் ஒத்துக்கொண்டான். ஏன் மாட்டான்? மாரியம்மன் கோயிலில் பத்து நாளில் கல்யாணம் முடிந்தது. மறுநாள் காலை மண்டோர் எங்கள் வீட்டுப் பேரைக் கூப்பிட்டபோது தனம் "இருக்கேன்" என்றாள். அன்று மதியம் நான் பெட்டியோடு பஸ் ஏறினேன். அண்ணனைக் கெட்டவன் என்று எழுத மாட்டேன். அவள் மேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. தான் கல்யாணம் செய்ததே வீட்டைக் காப்பாற்றியதாகும் என்று நினைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போவேன். வீட்டில் அம்மாவுக்குப் பயந்து "அண்ணி" என்று கூப்பிடுவேன். பழக்கத்தில் ஒரு தடவை கடையிலும் அப்படியே கூப்பிட்டுவிட்டேன். "இங்க நான் தனம். அண்ணிய லயத்துல விட்டுட்டு வந்திருக்கேன்," என்று சீறினாள். முன்பெல்லாம் தெருவைப் பார்த்து உட்காருவாள். இப்போது தெருவுக்கு முதுகைக் காட்டிக் குதிரைப் படத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். ஏன் என்று மேரி கேட்டாள். "ரோட்ட பாத்தா திரும்பிப் போற பஸ்சு வந்துருமோன்னே இருக்கு. சோறு எறங்க மாட்டேங்குது." பஸ் வரும் நேரம் அவளுக்குத் தெரியும். அதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போதே, யாரும் சொல்லாமலே கை கழுவிவிடுவாள்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் அவளோடு வேலைக்காட்டுக்குப் போனேன். அவளுடைய மரங்கள் பெரிய ரோட்டை ஒட்டியே இருந்தன. ஃபேக்டரி பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. உள்ளே எல்லாம் நம் பெண்பிள்ளைகள், பவுடர் பூசி, பாதித் தூக்கத்தில். தனம் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையாட்டினாள். "மூணாவது சீட்டு ஜன்னல் ஓரத்துல ஒருத்தி இருக்கா பாரு, அது என் எடம் லா. எனக்காகச் சூடு பண்ணி வச்சிருக்கா," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன ஜென்மம் நான்! சிரிக்கிற விஷயமா அது?

மூன்று வருடம் முடிந்தது. ரவாங்கில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அம்மா தோட்டத்தை விட்டு வர மாட்டேன் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், தனியாக இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. தனத்துக்குக் குழந்தை பிறந்தது. குழந்தையை, ஆயா பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டாயில் விட்டுவிட்டு மரத்துக்குப் போனாள். "அடுத்த வருசம் அம்மாவ கூட்டிக்கிறேன்," என்றேன். மறு வருடமும் அதையே சொன்னேன். அவள் ஒருமுறைகூட என்னிடம் கெடு கேட்கவில்லை. அதை நான் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது.

கடைசியாக நாங்கள் மூவரும் அந்தக் கடையில் உட்கார்ந்து மூன்று மாதம் இருக்கும். இப்போதெல்லாம் ஆளுக்கொரு சோப். நான் வழக்கம்போல அடுத்த வருடக் கதையை ஆரம்பித்தேன். மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. "என்னாலதான் நீ அங்க மாட்டிக்கிட்டியா தனம்?" என்று கேட்டேன். சமாதானத்துக்காகக் கேட்ட கேள்வி அது. "அட, போ லா" என்பாள், நான் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

"ஆமா," என்றாள் தனம்.

சத்தம் போடவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். "ஒன்னாலதான். அன்னிக்கு நீ வேணாம்னு சொல்லுவேன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ சொல்லல. மூணுன்னு சொன்னது அஞ்சாயிருச்சு. தெனமும் பெரட்டுல 'இருக்கேன்'னு சொல்றப்ப மனசுக்குள்ள ஒன்ன ஒரு வார்த்த திட்டிட்டுத்தான் சொல்றேன்." நான் அழ ஆரம்பித்தேன். அவள் என் தட்டைப் பார்த்தாள். "ஆறுது பாரு," என்று சொல்லி, தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தாள். எனக்கு உருளைக்கிழங்கு பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். பிறகு தன் கோழியைப் பிய்த்து முழுவதும் தின்று முடித்தாள்.

ரவாங்குக்குத் திரும்பியதும் வீடு தேடினேன். கடை மாடியில் இரண்டு அறையோடு ஒன்று அகப்பட்டது. பள்ளி விடுமுறைக்குக் குடிபோகலாம் என்று தள்ளிவைத்தேன். அதற்குள் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு இரண்டு நாள் மரம் வெட்டப் போயிருக்கிறாள். மூன்றாம் நாள்தான் படுத்தாள்.

எட்டாம் நாள் காரியம் முடிந்து ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். என் தாய்மாமன்தான் ஆரம்பித்தார். "என்னாத்துக்கு மண்டய ஒடைச்சுக்கிறீங்க? தனத்தோட தங்கச்சி விஜி இருக்காளே. பதினெட்டாவுது. புள்ளைக்குச் சித்தியே தாயா வந்துட்டா நல்லதுதான? பேரும் நிக்கும், வீடும் நிக்கும்." எல்லாரும் தலையாட்டினார்கள். தனத்தின் அப்பாவும்தான். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவின் முகத்தில் எட்டு நாளாக இல்லாத தெளிவு. விஜி பின்னால் குழாயடியில் வந்தவர்களின் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் படிவப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்கள்தான். அவளுக்கு எல்லாம் கேட்டது. கழுவின கிளாசையே மறுபடி மறுபடி கழுவினாள். "மாட்டேன்" என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அக்கா செத்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அக்கா பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வேணாம்," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "வீட்டக் குடுத்துறலாம். அம்மாவையும் புள்ளையையும் நான் கூட்டிட்டுப் போறேன். அண்ணன் ஆம்பள, லோரியில படுத்தாவது பொழச்சுக்கட்டும்." மாமன் என்னை அடிக்கவே வந்துவிட்டார். "ஒங்கப்பன் செத்த வீடு இது. ஒன்ன படிக்க வச்சதுக்கு இதா மரியாத?" என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மா என்னோடு பேசுவதில்லை. மறுநாளே கிராணியிடம் போய், இந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். விஜி பரீட்சை எழுதட்டும். அதற்குப் பிறகு எங்கே போவது என்று அவளே முடிவு செய்யட்டும்.

யாரும் என்னைப் பாராட்டிவிட வேண்டாம். இன்று வாயைத் திறந்து செய்ய முடிந்ததை அன்றைக்கும் செய்திருக்க முடியும். இரண்டு அறை வீடு மூன்று மாதத்துக்கு முன்பும் ரவாங்கில் இருந்தது. தனம் மெழுகுவத்தி இல்லை. யாருக்காகவும் உருக வேண்டுமென்று ஆசைப்படவில்லை. சப்பாத்துப் போட்டு டக்கு டக்கென்று நடக்க ஆசைப்பட்டாள். நாம் எல்லாருமாகச் சேர்ந்து அவளை ஒரு வீட்டுக்கு முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டோம். அதில் முதல் கை என்னுடையது.

அவளிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது எதுவென்று கேட்டால், சேலையோ படமோ இல்லை. என் முகத்துக்கு நேரே "ஆமா" என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் கடைசிக் கவளம் வரை என்னோடு உட்கார்ந்து அவள் சாப்பிட்டாளே, அதைத்தான் வைத்திருக்கிறேன். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. மன்னிக்காமலேயே என்னோடு சாப்பிட்டாள்.